பூனை தூங்கிய நான்கு நாட்கள்

எழுபத்து நாலாம் வருசம் வைகாசிக் கடைசியில் ஒரு சாயங்காலம், மளிகை மொத்த வியாபாரி சண்முகராஜ் தேனியிலிருந்து பழனிசெட்டிபட்டி வரைக்கும் ரிக்‌ஷாகூடப் பிடிக்காமல் நடந்தே வந்தார். வியாபாரி நடந்து வருகிறார் என்றால் ஒன்று லாபம் போயிருக்க வேண்டும், இல்லை நிம்மதி போயிருக்க வேண்டும். மூஞ்சியைப் பார்த்தால் போனது நிம்மதிதான் என்று தெரிந்தது.

அவர் தேடி வந்தது ராஜமணியின் வீட்டை. எடைக்கல்லுக்கு முத்திரை போடும் ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர் ராஜமணி. கம்பத்திலிருந்து ஆண்டிபட்டி வரைக்கும் எந்தக் கடைத் தராசில் எந்தப் பக்கம் புளி ஒட்டியிருக்கும் என்று முப்பது வருசமாகக் கண்டுபிடித்தவர். ஓய்வுக்குப் பிறகு காணாமல் போன மூக்குத்தி, கள்ளக் கையெழுத்து, களவு போன ஆடு என்று ஊர்ச் சிக்கல்கள் எல்லாம் இந்த ‘முத்திரை சார்’ வீட்டுப் படிக்குத்தான் வரும்.

அந்தப் படியில் அப்போது சுருளியாண்டி உட்கார்ந்திருந்தான். தேனி மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவன். அன்றைக்கு எழுபத்தெட்டு மூட்டை இறக்கியிருந்ததில் தோள்பட்டை தன்னுடையதா மார்க்கெட்டுடையதா என்று அவனுக்கே சந்தேகமாக இருந்தது. இருந்தாலும் மடியில் நாற்பது பக்க நோட்டும் பென்சிலும் இருந்தன. நாற்பது வயதுக்கு மேல் ராப்பள்ளிக்கூடத்தில் எழுத்துக் கற்றவன். கற்ற எழுத்தை வீணாக்கக் கூடாது என்று ராஜமணிக்கு உதவியாளாகத் தன்னைத் தானே நியமித்துக்கொண்டவன்.

சண்முகராஜ் நாற்காலியில் உட்கார்ந்ததும் பக்கத்து வீட்டுப் பூனை எங்கிருந்தோ வந்து அவர் மடியில் ஏறி, சட்டைப் பையைப் பிராண்டியது.

“ச்சீ, போ. கருவாட்டுக் கடை வழியா வந்தேன், அந்த வாடையா இருக்கும்” என்று அவர் அதைத் தள்ளிவிட்டார்.

கருவாட்டுக் கடை இருப்பது வடக்கே பெரியகுளம் ரோட்டில். இவர் வந்திருப்பது தெற்கே. சுருளியாண்டி நோட்டில் ‘கருவாடு’ என்று எழுதினான். ‘டு’ மட்டும் கோட்டுக்குக் கீழே இறங்கிவிட்டது.

“சொல்லுங்க அண்ணாச்சி” என்றார் ராஜமணி.

“என் வீட்டுக்காரிக்கு யாரோ மருந்து வைக்கிறாக சார்.”

ராஜமணி அவசரப்படவில்லை. மருந்து வைப்பது என்றால் சோற்றிலோ குழம்பிலோ கலந்து ஆளை மயக்குவதற்கு, இல்லை கெடுப்பதற்கு என்று அந்தப் பக்கத்தில் எல்லாரும் பயப்படுகிற விசயம். அவர் அதை நம்புகிறவர் இல்லை. ஆனால் பயப்படுகிறவரைக் கேலி செய்கிறவரும் இல்லை.

“சொர்ணலதாவுக்குக் கழுத்துச் சுரப்பி மந்தம்” என்று தொடங்கினார் சண்முகராஜ். “தைராய்டுன்னு சொல்றாக. ஆறு வருசம் முந்தி கையைத் தூக்கித் தலை சீவக்கூட முடியாமக் கெடந்தா. மொகமெல்லாம் வீங்கி, சித்திரை வெயில்லயும் கம்பளி கேப்பா. மதுரை டாக்டர் மாத்திரை குடுத்து எந்திரிக்க வச்சாரு. போன பங்குனியில, பழைய மாத்திரையை நிறுத்துங்க, இனிமே இதுன்னு வேற ஒண்ணு குடுத்தாரு. அதைத்தான் தெனம் காலையில சாப்பிடுறா. ஆனா இப்ப அவளப் பாத்தா வேற ஆளு. ராத்திரி தூக்கம் இல்ல. கை நடுங்குது. நெஞ்சு படபடன்னு அடிக்குது. தேச்ச பாத்திரத்தையே மூணு தடவை தேய்க்கிறா. ரவிக்கை எல்லாம் தொளதொளன்னு ஆயிருச்சு.”

“யாரைச் சந்தேகப்படுறீக?”

“சமையக்காரிதான். பாண்டியம்மா. தெனம் சுக்குக் காப்பி அவதான் போடுறா. மார்க்கெட்ல நாலு பேருகிட்டச் சொல்லிப் பாத்தேன், எல்லாரும் அதேதான் சொல்றாக. வெள்ளிக்கிழமையோட நிப்பாட்டிரலாம்னு இருக்கேன். அதுக்குள்ள உறுதி பண்ணிக் குடுத்தீகன்னா என் மனசாட்சிக்கு நல்லது.”

பென்சில் முனை ஒடிந்தது. பாண்டியம்மாள், சுருளியாண்டியின் கூடப் பிறந்த தங்கை. புருசனை இழந்தவள். வேலை போனால் இன்னொரு வேலை பார்க்கலாம். ‘மருந்து வைக்கிறவ’ என்று பேர் வந்துவிட்டால் போடியில் இருந்து கூடலூர் வரைக்கும் ஒரு வீட்டு அடுப்படியிலும் கால் வைக்க முடியாது.

சண்முகராஜ் அவனை அப்போதுதான் கவனித்தார். “ஏலே, நீ இங்கனயா இருக்க?”

“இங்கனதான் மொதலாளி இருக்கேன்” என்றான் சுருளியாண்டி.

மறுநாள் மத்தியானம், சண்முகராஜ் கடையில் இருக்கும் நேரமாகப் பார்த்து இரண்டு பேரும் அவர் வீட்டுக்குப் போனார்கள். சொர்ணலதா ஏணியில் நின்று பரணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். இறங்கச் சொன்னதற்கு, “வாங்க, உக்காருங்க, ஒரு நிமிசம், இந்தா வாறேன்” என்று மூன்று பதில் சொல்லிவிட்டு இன்னொரு மூலையைத் துடைத்தாள். அவள் காலடியில் ஒரு சாம்பல் நிறப் பூனை குறுக்கும் நெடுக்குமாக ஓடியது. ஜன்னலில் ஏறியது, இறங்கியது, தன் வாலையே துரத்தியது.

“பூனையும் சுறுசுறுப்பாத்தான் இருக்கு” என்றார் ராஜமணி.

“அத ஏன் கேக்குறீக. மூணு வருசமா அரிசி மூட்டை மேலயே படுத்துக் கெடந்த சோம்பேறி. இப்ப ரெண்டு மாசமா வீட்டையே அளக்குது. எனக்கு மருந்து வச்சவுக இதுக்கும் வச்சாகளோ என்னமோ.” சொன்னவள் தானே சிரித்தாள். சிரிக்கும்போது கழுத்து நரம்பு துடித்தது ராஜமணிக்குத் தெரிந்தது.

“நடுவுல எப்பவாச்சும் கொஞ்சம் தணிஞ்சு இருந்துச்சா அம்மா?”

அவள் யோசித்தாள். “ஒரே ஒரு தடவை. ஏலத்தோட்டம் பாக்க அவுக மேல மலைக்குப் போயிருந்தாக, நாலு நாளு. அப்பக் கொஞ்சம் படபடப்பு அடங்குச்சு. பூனைகூட அந்த நாலு நாளும் நல்லாத் தூங்குச்சு.”

“கூடினது எப்ப?”

“வீரபாண்டித் திருவிழாவுல. பாண்டியம்மா தீச்சட்டி எடுக்க விரதம் இருந்து எட்டு நாள் வரல. அவுகதான் சமையல், சுக்குக் காப்பி எல்லாம். அந்த எட்டு நாளும் எனக்கு இருப்பே கொள்ளல. ஒத்தையில தவிக்கிறாளேன்னு அவுக ரெண்டு வேளையும் சுக்குக் காப்பி போட்டுக் குடுத்தாக.”

சுருளியாண்டி எழுத்துக் கூட்டி எழுதிக்கொண்டிருந்தான். அடுப்படியில் பாண்டியம்மாள் கண்ணைத் துடைத்தபடி நின்றாள். அழுகை பாதி, கோபம் பாதி.

“அண்ணே, நான் அஞ்சு மணிக்குக் காப்பியைப் போட்டுப் பிளாஸ்க்குல ஊத்தி வச்சிட்டுப் போயிருவேன். ஆறு மணிக்கு மொதலாளி வந்துதான் டம்ளர்ல ஊத்திக் குடுப்பாக. பொண்டாட்டிக்கு அம்புட்டுப் பிரியம். நான் எதைண்ணே கலக்கப் போறேன்? இந்த வீட்டு உப்பைக்கூட நான் கூடப் போட்டதில்ல.”

“இந்த உரலு என்ன?” ராஜமணி கையில் இஞ்சி தட்டுகிற சின்னக் கல்லுரல் இருந்தது.

“சுக்குத் தட்டுறது. அதுவும் ஒரு கூத்து சார். தெனம் கழுவிக் கவுத்து வச்சிட்டுப் போறேன். காலையில வந்து பாத்தா நிமுந்து கெடக்கு. பூனை அதுக்குள்ள தலையை விட்டு நக்கிக்கிட்டு இருக்கு. சுக்கைப் போயி எந்தப் பூனை நக்கும்?”

ராஜமணி உரலை மூக்கருகே கொண்டுபோனார். பிறகு சுருளியாண்டியிடம் நீட்டினார். அவனும் மோந்தான். சுக்குக் காரத்துக்கு அடியில், வெயிலில் காய்ந்த இறைச்சி மாதிரி லேசாக ஒரு வாடை.

திரும்பும் வழியில் ராஜமணி சொன்னார்: “சுருளி, நீ எழுதினதை வாசி.”

சுருளியாண்டி ரோட்டோரம் நின்று விரல் வைத்து வாசித்தான். “பா...ண்டி...யம்மா போன நாளு. அதிகம். மொத...லாளி போன நாளு. பூனை தூ...க்கம்.”

வாசித்து முடித்தவன் வாயைத் திறந்தபடி நின்றான். நிமிசத்தில் வாசிக்கிறவர்கள் நிமிசத்தில் மறந்துவிடுவார்கள். எழுத்து எழுத்தாக வாசிக்கிறவனுக்கு ஒவ்வொன்றும் உள்ளே இறங்கித் தங்கும்.

“சார், அப்படின்னா...”

“வெள்ளிக்கிழமை வரைக்கும் உன் வாய்க்கு முத்திரை” என்றார் ராஜமணி.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆறரை மணிக்கு அந்த வீட்டுக் கூடத்தில் ஐந்து பேர் இருந்தார்கள். சொர்ணலதா நாற்காலி நுனியில் முந்தானையைத் திருகிக்கொண்டிருந்தாள். பாண்டியம்மாள் துணி மூட்டையோடு கதவோரம் நின்றாள். சுருளியாண்டி அவள் பக்கத்தில். சண்முகராஜ் நடுவில் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தார்.

“ஆரம்பிங்க சார், உறுதிதானே?”

“உறுதிதான் அண்ணாச்சி. இந்த வீட்டுல மருந்து வைக்கிறது உண்மை.”

பாண்டியம்மாள் அண்ணன் கையைப் பிடித்தாள்.

“ஆனா அதைக் கண்டுபிடிச்சது நான் இல்ல. சுருளி, அவரை வெளிய விடு.”

சுருளியாண்டி அடுப்படிக் கதவைத் திறந்தான். பூனை ஒரே பாய்ச்சலில் வெளியே வந்தது. சொர்ணலதாவைத் தாண்டியது. பாண்டியம்மாளை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. நேராகச் சண்முகராஜின் நெஞ்சில் ஏறி, சட்டைப் பைக்குள் மூஞ்சியை நுழைத்தது. அவர் பதறி எழுந்ததில் ஒரு சின்னக் கண்ணாடிப் புட்டி தரையில் விழுந்து உருண்டது.

சொர்ணலதா குனிந்து எடுத்தாள். “இது என் பழைய மாத்திரையில்ல? முல்லையாத்துல போட்டுட்டேன்னு சொன்னீக?”

“போடத்தான் போனேன்” என்றார் சண்முகராஜ். குரல் இறங்கிவிட்டது.

ராஜமணி தொடர்ந்தார். “பாண்டியம்மா மருந்து வச்சிருந்தா அவ வராத எட்டு நாளும் குறைஞ்சிருக்கணும். கூடுச்சு. நீங்க மலைக்குப் போன நாலு நாளும் காப்பி போட்டது அவதான். ஆனா அப்பத்தான் குறைஞ்சுச்சு, பூனையும் தூங்குச்சு. அந்த நாலு நாளும் உரலு கவுத்தது கவுத்தபடியே கெடந்திருக்கும். பழைய மாத்திரை ஆட்டுக் கழுத்துச் சுரப்பியைக் காய வச்சு இடிச்சதுன்னு மருந்துக் கடையில விசாரிச்சேன். தட்டி முகர்ந்தா வாடை வரும். நமக்கு வராட்டியும் பூனைக்கு வரும். கருவாட்டுக் கடை வழியா வராமலேயே அண்ணாச்சி சட்டையில வாடை வந்தது அப்படித்தான்.”

“சார், நான் மருந்தா வச்சேன்?” சண்முகராஜுக்கு உண்மையிலேயே கோபம் வந்தது. “மாத்திரைதானே வச்சேன். ஆறு வருசம் அவளக் காப்பாத்துன மாத்திரை. நீங்களே பாருங்க. பழசுல அறுபது மில்லிகிராம்னு போட்டிருக்கு. புதுசுல பூச்சியம் புள்ளி ஒண்ணு. அறுபது எங்க, பூச்சியம் புள்ளி ஒண்ணு எங்க? முப்பது வருசமாத் தராசு பிடிக்கிறவன் நான். இவ பழையபடி கம்பளிக்குள்ள சுருண்டுருவாளோன்னு எனக்கு ஈரக்குலை நடுங்குச்சு. டாக்டர் சொன்னாத் தட்ட மாட்டா. அதான் சொல்லாமத் தட்டிப் போட்டேன்.”

அந்த நடுக்கம் பொய் இல்லை என்று எல்லாருக்கும் தெரிந்தது.

“சுருளி, நீ சொல்லு. பெரிய மூட்டை, சின்ன மூட்டை. எது கனம்?” என்றார் ராஜமணி.

சுருளியாண்டி தோளைத் தடவிக்கொண்டான். “கண்ணால பாத்துச் சொல்ல முடியாது சார். இலவம்பஞ்சு வீடு மாதிரி இருக்கும், ஒரு கையில தூக்கிரலாம். உப்பு குட்டியா இருக்கும், முதுகை ஒடிச்சிரும். உள்ள என்ன இருக்குன்னு தோளுக்குத்தான் தெரியும்.”

“அதேதான். அண்ணாச்சி, ஒரு மூட்டை ஏலக்காயைக் காய்ச்சி வடிச்சா எத்தனை எண்ணெய் கிடைக்கும்?”

“ரெண்டு பாட்டில் தேறும்.”

“அந்த எண்ணெயைப் பாயசத்துல எத்தனை சொட்டு விடுவீக?”

சண்முகராஜ் ஒரு விரலைத் தூக்கிக் காட்டிவிட்டு, சொர்ணலதா கையிலிருந்த புட்டியைப் பார்த்தார்.

“பழைய மாத்திரை மூட்டை. அறுபதுல முக்காலே மூணு வீசம் வெறும் சக்கை. புதுசு வடிச்ச எண்ணெய் மாதிரி, சத்து மட்டும். வேலை செய்யுறதுல ரெண்டும் ஏறக்குறைய ஒரே எடைதான். பழசுல ஒவ்வொரு புட்டிக்கும் வீரியம் ஏறும், இறங்கும். முத்திரை போடாத எடைக்கல். அதான் டாக்டர் மாத்துனாரு. நீங்க ரெண்டு கல்லையும் ஒரே தட்டுல வச்சுட்டீக. அந்த அம்மா நெஞ்சு அந்தத் தட்டு. இன்னும் ரெண்டு மாசம் போயிருந்தா என்ன ஆயிருக்கும்னு எனக்கே தெரியாது. காலையில மொத பஸ்ல மதுரைக்குப் போங்க. டாக்டர்கிட்ட ஒண்ணு விடாமச் சொல்லுங்க. இனி எந்த மாத்திரை, எத்தனைங்கறது அவரு சொல்றபடி.”

சொர்ணலதா புருசனையே பார்த்துக்கொண்டிருந்தாள். உதடு துடித்தது. அழப்போகிறாள் என்று சுருளியாண்டி நினைத்தான். அவள் சிரித்தாள், நாற்காலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

“ஊரு ஒலகத்துல பொண்டாட்டிதான் புருசனுக்கு மருந்து வைப்பா. நீங்க எனக்கு வச்சீகளா? நான் ஒங்க பேச்சைக் கேக்காம இருந்த நாளு எதுங்க?” பிறகு சிரிப்பை நிறுத்தினாள். “பாண்டியம்மாகிட்டச் சொல்லுங்க.”

சண்முகராஜ் எழுந்தார். “தப்புத்தான் பாண்டியம்மா. மூட்டையைக் கீழ வையி.”

பாண்டியம்மாள் வைக்கவில்லை. “இங்கன சொன்னா நாலு செவுருக்குத்தான் கேக்கும் மொதலாளி. என் பேரைக் கெடுத்தது மார்க்கெட்ல.”

மறுநாள் இல்லை, அதற்கடுத்த நாள், மதுரையிலிருந்து திரும்பியதும் சண்முகராஜ் மார்க்கெட்டின் நடுவில் நின்று, “மருந்து வச்சது நான்தான்யா, பாண்டியம்மா இல்ல” என்று தொண்டையைச் செருமிச் சொன்னார். மூட்டை இறக்குகிறவர்கள் அதை விடுவார்களா? “அண்ணாச்சி, அந்த மருந்து நமக்கும் ஒரு பொட்டலம் கிடைக்குமா? வீட்டுல பேச்சே கேக்க மாட்டேங்குறா” என்று ஒரு மாதம் வரைக்கும் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். அதிகம் கேட்டது சுருளியாண்டிதான்.

டாக்டர் பழைய புட்டியைத் தன் கையாலேயே வாங்கிக் குப்பையில் போட்டாராம். புதியதை மட்டும் சாப்பிடச் சொன்னாராம். ஆடி பிறக்கும்போது சொர்ணலதாவின் கை நடுக்கம் நின்றது. பாத்திரங்கள் ஒரு தடவை மட்டும் தேய்க்கப்பட்டன.

ஒருநாள் சாயங்காலம் நோட்டும் பென்சிலுமாகச் சுருளியாண்டி அந்த வீட்டுக்குப் போனபோது, பாண்டியம்மாள் எல்லாருக்கும் சுக்குக் காப்பி கொண்டுவந்தாள். சண்முகராஜ் டம்ளரை வாங்கினார். வாயருகே கொண்டுபோனார். நிறுத்தினார்.

“குடிங்க மொதலாளி” என்றாள் பாண்டியம்மாள், முகத்தை ஒன்றும் தெரியாதது மாதிரி வைத்துக்கொண்டு.

அவர் மெதுவாகத் திரும்பி அரிசி மூட்டையைப் பார்த்தார். அதன் மேல் சாம்பல் நிறப் பூனை நாலு காலையும் நீட்டித் தூங்கிக்கொண்டிருந்தது. டம்ளரை அதன் மூக்கருகே கொண்டுபோய் ஆட்டினார்.

பூனை கண்ணைக்கூடத் திறக்கவில்லை. அதன் பிறகுதான் அவர் குடித்தார்.