பாதி விலைப் பொம்மை

பெட்டியைப் பிரித்ததும் வந்த வாசனைதான் அவளை முதலில் உறுத்தியது. புதுத் துணியின் கஞ்சி வாசனை இல்லை. அந்துருண்டையும் பழைய சட்டையும் கலந்த, அவள் வீட்டு அலமாரியின் வாசனை.

அவள் துணிப் பொம்மை தைப்பவள். கணவன் போன பிறகு அவளுக்கும் மகளுக்கும் சோறு போடுவது அதுதான். விற்பது அந்தப் பெரிய செயலியில். வேறெங்கே விற்பது? தெருக்கடைகளைத்தான் அது எப்போதோ விழுங்கி ஏப்பம் விட்டுவிட்டதே. பொம்மையின் படம் கேட்டது, கொடுத்தாள். தரம் பார்க்க வேண்டும், தையல் மேசையில் கேமரா வை என்றது, வைத்தாள். இடம் கொடுத்தால் மடம் பிடுங்கும் என்று தெரியாதவளா? இப்போது செயலியே தன் பெயரில் அதே பொம்மையைப் பாதி விலைக்கு விற்கிறது. வயிறு எரிந்தது. பார்த்துவிடலாம் என்று ஒன்றை வரவழைத்தாள்.

இடது கைக்காரி போடும் முடிச்சு. அவளுடையதேதான். ஆனால் ஒன்றை மட்டும் இவர்களால் திருட முடியாது. ஒவ்வொரு பொம்மையின் நெஞ்சுக்குள்ளும் கணவனின் நீலக் கட்டச் சட்டையிலிருந்து ஒரு துண்டு வைப்பாள், கேமராவைத் துணியால் மூடிவிட்டு. மகளுக்குக்கூடத் தெரியாது.

கத்தரியால் நெஞ்சைப் பிரித்தாள். பஞ்சு. இன்னும் பஞ்சு. அதற்கடியில் நீலக் கட்டம்.

அலமாரியைத் திறந்தாள். சட்டை தொங்கிய ஹேங்கர் வெறுமனே ஆடிக்கொண்டிருந்தது.

போன் அதிர்ந்தது. 'உங்கள் கடை மூடப்பட்டது. இதுவரை கற்றுக்கொடுத்ததற்கு நன்றி.'

பக்கத்து அறையில் தையல் மெஷின் ஓட ஆரம்பித்தது.

"பாப்பா, மெஷினத் தொடாதேன்னு சொன்னேன்ல?"

"நான் தொடலம்மா. நீதானே தைக்கிற?"

மகள் அந்த அறையில்தான் இருந்தாள். இவள் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். கதவு ஒருக்களித்திருந்தது. கேமராவின் சிவப்பு விளக்கு அணைந்திருந்தது. அதற்கு இனி பார்க்க எதுவுமில்லை.

அவளுடைய நாற்காலி. அதில் அவளுடைய முதுகு. இடது கை துணியைத் தள்ளியது. மடியில் சட்டையின் மிச்சம். பக்கத்தில் ஒட்டி நின்று மகள் ஊசியில் நூல் கோத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, உன் கை ஏன் பஞ்சாட்டம் இருக்கு?"

இவள் கூப்பிட வாயைத் திறந்தாள்.

மெஷின் நின்றது. சட்டைத் துணி தீர்ந்துவிட்டது. நாற்காலியிலிருந்த அது மெல்ல எழுந்து, அளவு நாடாவை எடுத்து, மகளின் உச்சந்தலையில் ஒரு முனையை வைத்துப் பாதம்வரை இறக்கியது. சிறுமி அசையாமல், நல்ல பிள்ளையாக நின்றாள்.