மோட்டார் கதவும் நீலப் பெட்டியும்

ஃப்ரீசரின் சத்தம் நின்றது. பல் தேய்த்துக்கொண்டிருந்த நயெலி அப்படியே நின்றாள். அடுப்படியில் அம்மாவும் கையில் கரண்டியோடு அப்படியே நின்றாள்.

"போயிடுச்சா?" என்று உள்ளேயிருந்து அப்பா கேட்டார்.

"போயிடுச்சு. மத்தியானம்தான் நிறுத்துவோம்னு போன்ல போட்டிருந்தாங்க."

"அவங்க போடற நேரத்துக்கும் கரண்டுக்கும் என்னைக்குச் சம்பந்தம் இருந்துச்சு?"

அந்த வருஷம் சால்செடோ ஊரில் எல்லா வீட்டிலும் இதே பேச்சுதான். மலையில் மழை இல்லை, அணையில் தண்ணீர் இல்லை, கம்பியில் கரண்டும் இல்லை. மற்ற வீடுகளில் விளக்கு அணையும், அவ்வளவுதான். நயெலியின் அம்மா சொய்லாவுக்கு ஐஸ்கிரீம் தொழில். மோராப் பழச் சிவப்பு, தேங்காய் வெள்ளை, நரஞ்சிலாப் பழப் பச்சை என்று அடுக்கடுக்காகக் குச்சி ஐஸ் செய்வாள். ஏற்கெனவே இரண்டு முறை செய்ததெல்லாம் கரைந்து போயிருந்தது. வாசல் சாக்கடையில் வண்ண வண்ணமாக ஓடியதைத் தெரு நாய்கள் நக்கிக் குடித்தன. அம்மா அழவில்லை. மறுநாள் சந்தைக்குப் போய் ஒரு நீலப் பயணப் பெட்டி வாங்கி வந்தாள். சக்கரம் வைத்த, பெரிய, உறுதியான பெட்டி.

"அடுத்த ஆர்டரும் கரைஞ்சா நான் ஸ்பெயினுக்குக் கிளம்பறேன்" என்றாள். "அக்கா அங்க வேலை பாத்து வெச்சிருக்கா."

"எப்ப திரும்பி வருவே?" என்று நயெலி கேட்டாள்.

அம்மா பெட்டியைத் தூக்கி அலமாரிக்கு மேலே வைத்தாள். அதன் அர்த்தம் நயெலிக்குப் புரிந்தது. அவள் வகுப்பில் பாதிப் பேருக்கு அம்மாவோ அப்பாவோ ஸ்பெயினில்தான் இருந்தார்கள். போனில் முகம் தெரியும். அவ்வளவுதான் தெரியும்.

இன்றைக்குத்தான் அந்த ஆர்டர். மேலே மலைக்கிராமத்துப் பள்ளியில் விழா. பெட்டி பெட்டியாக ஐஸ் தயாராக இருந்தது.

"கரையறதுக்குள்ள கொண்டு போயிடலாம். மேல குளிரு, அங்க தாங்கும்" என்றாள் அம்மா. "வேன்ல ஏத்துங்க."

வேன் நின்ற ஷெட்டுக்குள் மூவரும் ஓடி ஓடி ஏற்றினார்கள். வைக்கோலை அடைத்து, மேலே கம்பளி போர்த்தினார்கள். அப்பா எஃப்ராயின் பழக்க தோஷத்தில் சட்டைப் பையிலிருந்து ரிமோட்டை எடுத்து அமுக்கினார்.

ஷெட் கதவு அசையவில்லை.

இன்னொரு முறை அமுக்கினார். பிறகு ரிமோட்டைப் பார்த்தார். பிறகு அம்மாவைப் பார்த்தார்.

"கரண்டுதான் இல்லியே" என்றாள் அம்மா மெதுவாக.

அது தரையிலிருந்து எழும்பி, கூரையோடு போய்ப் படுக்கும் ஒற்றை இரும்புக் கதவு. போன மாதம்தான் அப்பா அதற்கு மோட்டார் மாட்டினார். கூரையில் நீளத் தண்டவாளம், அதில் ஒரு சங்கிலி, நடுவில் ஒரு சிவப்புக் கயிறு. மாட்டி முடித்த அன்று தெருவையே கூப்பிட்டு ரிமோட்டை அமுக்கிக் காட்டினார். எல்லோரும் கை தட்டினார்கள்.

"இருங்க, இதுக்கும் வழி இருக்கு" என்று அப்பா வேன் மேல் ஏறிச் சிவப்புக் கயிற்றை இழுத்தார். 'டக்' என்று சங்கிலியின் பிடி விட்டது. "அவ்வளவுதான். இனிமே கையால தூக்கலாம்."

தூக்கினார்கள். கதவு ஒரு விரல் அளவுகூட எழும்பவில்லை. பின்வழியாகப் பக்கத்து வீட்டு செகுண்டோவைக் கூட்டி வந்தார்கள். நால்வரும் மூச்சைப் பிடித்துத் தூக்கினார்கள். ஒரு சாண் எழும்பியது. உடனே தொப்பென்று விழுந்தது.

"என்ன எஃப்ராயின், கதவா மாட்டுனே, மலையவா மாட்டுனே?" என்று செகுண்டோ இடுப்பைப் பிடித்துக்கொண்டார். "அந்த ரிமோட்டால டிவியாவது போடலாம்னா அதுக்கும் கரண்டு இல்ல."

"அண்ணே, வேற வண்டி ஏதாவது..."

"ஞாயித்துக்கெழம எங்கப்பா வண்டி? எல்லாம் சந்தைக்குப் போயாச்சு. என் சைக்கிள் இருக்கு, வேணுமா?"

அம்மா வேன் படியில் உட்கார்ந்துவிட்டாள். "விடுங்க. போதும்" என்றாள். அந்தக் குரலைக் கேட்டதும் அப்பா தரையைப் பார்த்தார். செகுண்டோவும் அதற்குமேல் கிண்டல் செய்யவில்லை. வேனுக்குள்ளிருந்து சொட்டு, சொட்டு என்று சத்தம் வந்தது. வைக்கோல் நனையத் தொடங்கியிருந்தது.

நயெலி கதவையே பார்த்தாள். இதே கதவுதானே. மோட்டார் வருவதற்கு முன்னால் தினமும் காலையில் அவள்தானே திறப்பாள். லேசாகத் தள்ளினால் போதும், பறவை மாதிரி மேலே போகும். கதவு மேலே போகும்போது இரண்டு பக்கமும் இரண்டு சிமெண்ட் கட்டிகள் கீழே இறங்கும்.

"அப்பா, அந்தச் சிமெண்ட் கட்டி எங்கே?"

அப்பா விழித்தார். "மோட்டார் இருக்கறப்ப அது எதுக்குன்னு கழட்டிட்டேன்."

"கழட்டி?"

"துணி தொவைக்கிற கல்லுக்கு முட்டுக் குடுத்து, சிமெண்ட் வெச்சுப் பூசிட்டேன்."

அம்மா தலையில் கை வைத்துக்கொண்டாள். "அதான் அந்த மோட்டார் அப்படி முனகிச்சா? நான் புதுசுன்னா முனகும் போலன்னு நெனச்சேன்."

நயெலி மேலே பார்த்தாள். கதவுக்கு மேலே இரண்டு மூலைகளிலும் கப்பிகள் அப்படியே இருந்தன. பழைய கம்பிக் கயிறுகளை அப்பா ஆணியில் சுற்றிவைத்திருந்தார்.

"கட்டி இல்லன்னா என்ன? வேற பாரம் தொங்க விடலாமே. பால் கேன்ல தண்ணி ரொப்பி மாட்டுவோம்."

"அவ்வளவு தண்ணியோட அந்த உசரத்துக்கு யாரு தூக்கறது?" என்றார் செகுண்டோ.

"காலி கேனை மாட்டுவோம். அப்புறமாத் தண்ணி ஊத்துவோம்."

செகுண்டோ அப்பாவைப் பார்த்தார். "உன் மூளையையும் சேத்து இவகிட்டயே குடுத்துட்டியா?"

கரண்டு இல்லாவிட்டால் குழாயிலும் தண்ணீர் வராது. குடங்களில் பிடித்து வைத்ததுதான் நாள் முழுக்கச் சமையலுக்கும் குடிக்கவும். அம்மா ஒரு கணம் யோசித்தாள். பிறகு முதல் குடத்தை அவளே தூக்கி வந்தாள். காலி கேனை ஒரு பக்கக் கயிற்றில் மாட்டி, அப்பா ஏணியில் நின்று ஊற்ற ஊற்ற, கம்பிக் கயிறு விறைத்து நின்றது. கதவின் அந்த மூலை லேசாக எழும்பியது.

"நகருது" என்றாள் நயெலி.

"ஒரு பக்கம் மட்டும் பாரம் இருந்தா கதவு கோணிக்கும்" என்றார் அப்பா. "அந்தப் பக்கத்துக்கு என்ன பண்றது? இருக்கறது ஒரே கேன்."

சாக்கு மாட்டினார்கள், கிழிந்தது. பிளாஸ்டிக் வாளி மாட்டினார்கள், பிடி கழன்று செகுண்டோவின் காலடியில் விழுந்தது. சொட்டுச் சத்தம் வேகமானது.

நயெலிக்கு ஒன்று தெரியும், ஆனால் சொல்ல வாய் வரவில்லை. வீட்டில் உறுதியான பிடி உள்ள பெரிய பொருள் இன்னொன்று இருந்தது. அது அலமாரிக்கு மேலே இருந்தது.

அவள் அம்மாவைப் பார்த்தாள். அம்மாவும் அவளைப் பார்த்தாள். பிறகு அம்மா உள்ளே போனாள். திரும்பி வந்தபோது கையில் நீலப் பெட்டி இருந்தது.

"சொய்லா, அது புதுசு" என்றார் அப்பா.

"கல்லு எடுத்துட்டு வாங்க" என்றாள் அம்மா.

பிடி அறுந்துவிடாமல் பெட்டிக்கு அடியில் கயிறு கொடுத்துக் கட்டி, மேல் வாய் திறந்திருக்கும்படி மாட்டினார்கள். நயெலி கொல்லையிலிருந்து கற்களைக் கொண்டு வந்தாள். அம்மா ஏணியில் ஏறி ஒவ்வொன்றாக உள்ளே போட்டாள். சட்டை மடித்து வைப்பதுபோல, இடம் பார்த்துப் பார்த்து அடுக்கினாள்.

"போதும்மா" என்றாள் நயெலி. கதவின் அடியில் கை வைத்துத் தள்ளினாள்.

கதவு கிறீச்சிட்டது. பிறகு எழும்பியது. ஒரு பக்கம் பால் கேனும் மறுபக்கம் நீலப் பெட்டியும் ஒன்றாகக் கீழே இறங்கின. வெயில் உள்ளே வந்தது.

அம்மா வேனில் ஏறி உட்கார்ந்தாள். "ஏறு நயெலி. நீயும் வா."

மேலே போய்ச் சேர்ந்தபோது ஐஸ்கள் கொஞ்சம் குழைந்துதான் இருந்தன. பச்சை வெள்ளைக்குள் இறங்கியிருந்தது. குளிரில் மூக்கு ஒழுக நின்ற பிள்ளைகள் குச்சியைக்கூட விடாமல் சப்பினார்கள். பள்ளி டீச்சர் அடுத்த மாத விழாவுக்கும் இப்போதே சொல்லிவைத்தார்.

"கரண்டு இருந்தா பாக்கலாம்" என்றாள் அம்மா.

கரண்டு அதற்குப் பிறகும் பலமுறை போனது. புதிதாகச் சிமெண்ட் கட்டி வார்க்கிறேன் என்று அப்பா ஒவ்வொரு ஞாயிறும் சொன்னார். பால் கேனுக்குப் பதில் ஒன்று வார்த்தும் விட்டார். இன்னொன்றை வார்க்கச் சொல்லி யாரும் அவரை அவசரப்படுத்தவில்லை.

கரண்டு இல்லாத காலைகளில் நயெலிதான் கதவைத் திறக்கிறாள். லேசாகத் தள்ளுவாள். கதவு மேலே போகும், நீலப் பெட்டி தரைவரை இறங்கி வந்து நிற்கும். அதற்குமேல் அந்தப் பெட்டி எங்கும் பயணம் போகவில்லை.