சூடான அறையில் சில்லிட்ட கை

மாமா எதையோ மறைக்கிறார். அவர் வாசலில் செருப்பைக் கழற்றியபோதே மோப்பத்துக்கு அது தெரிந்துவிட்டது.

எதையும் சட்டென்று நம்பாமல் மோப்பம் பிடிக்கும் பெண் அவள். அதனால்தான் வீட்டில் அந்தப் பெயர்.

மாமாவுக்கு வீட்டுச் சாமான்களை லாரியில் ஏற்றி இறக்கும் வேலை. உடம்பு வளையாத நாளில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்து, தெருவே கூடும்படி முனகுவார். மோப்பம் அவர் கையைத் தொட்டுப் பார்ப்பாள். வெதுவெதுவென்று இருக்கும். "நடிப்பு!" என்பாள். மாமா சிரித்துவிடுவார்.

இன்று முனகலே இல்லை.

"என்னடா, இன்னைக்கும் டிமிக்கியா?" துணி தேய்த்துக்கொண்டே அம்மா கேட்டாள்.

"மாடிப்படியில பீரோ வழுக்கி விலாவுல இடிச்சிடுச்சு அக்கா. ஒண்ணுமில்ல. கொஞ்சம் உக்காந்துட்டுப் போறேன்."

ஒண்ணுமில்லையா? முள் குத்தினாலே கட்டுப் போடச் சொல்லும் ஆளாயிற்றே!

"அம்மா, மாமாவுக்கு வேர்த்து ஊத்துது."

"இஸ்திரி போடுற ரூம்ல வேர்க்காம? எனக்கும்தான் ஊத்துது."

அதுவும் சரிதான். ஆனால் அம்மாவின் முகம் சிவந்திருந்தது. மாமாவின் முகமோ சுண்ணாம்பு பூசியதுபோல வெளுத்திருந்தது.

"தண்ணி குடு அக்கா," என்றார் மாமா. மோப்பத்தைப் பார்த்துத்தான் சொன்னார்!

அவள் அவர் கையைப் பிடித்தாள். ஐஸ் பெட்டியிலிருந்து எடுத்ததுபோல ஈரமாய், சில்லென்று இருந்தது. பாதமும் அப்படியே. மணிக்கட்டில் நாடி மெலிதாக, படபடவென்று ஓடியது.

"அம்மா! மாமாவுக்கு முனகத் தெரியும். கையை இப்படிச் சில்லுன்னு ஆக்கத் தெரியாது. தொட்டுப் பாருங்க!"

தொட்ட அம்மா, இஸ்திரிப் பெட்டியை அணைத்துவிட்டு ஆம்புலன்ஸைக் கூப்பிட்டாள்.

"படுக்க வைங்க, போர்த்துங்க, குடிக்க எதுவும் தராதீங்க," என்றது போனில் ஒரு குரல். அப்போதுதான் தேய்த்து முடித்த சூடான போர்வையை மோப்பம் மாமா மேல் போர்த்தினாள்.

ஆஸ்பத்திரியில் மாமாவுக்கு அறுவை சிகிச்சை முடிந்தது. நர்ஸ் வெளியே வந்து, மாமாவுக்கு நிறைய ரத்தம் போயிருந்தது என்றார்.

"ஒரு சொட்டு ரத்தம்கூட வெளிய வரலையே அக்கா?" மோப்பம் விடவில்லை.

"பீரோ இடிச்சதுல வயித்துக்குள்ள கசிஞ்சிருக்கும்மா. ரத்தம் குறைஞ்சா உடம்பு கை காலுக்குப் போறதைக் குறைச்சு, மூளைக்கும் இதயத்துக்கும் மிச்சம் பிடிக்கும். அதான் கை சில்லிடுது. இருக்கற ரத்தத்தை வச்சு ஈடுகட்ட இதயம் வேகவேகமா அடிக்கும். அதனாலதான் மாமா பேசிட்டு உக்காந்திருந்தார்."

மோப்பம் கண்ணைச் சுருக்கினாள். "அப்போ உடம்பும் ஒண்ணுமில்லன்னு நடிக்குமா?"

"கொஞ்ச நேரம்தான். அப்புறம் தாங்காது. நல்லவேளை, நீ நம்பல."

சில நாள் கழித்து மாமாவைப் பார்க்கப் போனார்கள். மோப்பம் ஆரஞ்சுப் பழம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"ஐயோ, என்னால கையைத் தூக்கவே முடியலையே! யாராவது ஊட்டி விடுங்களேன்!" மாமா முனகினார்.

மோப்பம் அவர் கையைத் தொட்டாள். வெதுவெதுவென்று இருந்தது.

"நடிப்பு!" என்று சொல்லிக்கொண்டே ஒரு சுளையை அவர் வாயில் வைத்தாள்.