கிரகோரி இணைப்பில் இருக்கிறார்

"ஊறுகாய் முடிஞ்சிருச்சா? வர்ற வழியில வாங்கிட்டு வரவா?" கிரகோரி கடைசியாகக் கேட்டது அதுதான். லாபிஸிலிருந்து பத்து பாகாட்டுக்கு வரும் சாலையில், செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே, காரோடும் கைப்பேசியோடும் அவர் ஒரு லோரிக்கு அடியில் நசுங்கிப்போனார்.

அடக்கம் முடிந்த மறுவாரம், மழை இருட்டிக்கொண்டு வந்த மாலையில், ஈர மண்வாசனையும் அணைந்த மெழுகுவர்த்தியின் புகையும் கலந்து நின்ற கூடத்தில், அவர் மனைவி ஜாக்லின் கணினியைத் திறந்தாள். ஆளுக்கோர் ஊரில் இருக்கும் குடும்பம் சேர்ந்து ஜெபமாலை சொல்ல அவளே எழுதிய இணையப் பக்கம். இணைப்பில் இருப்பவர் பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி, இணைப்பு அறுந்தவருக்குச் சாம்பல். அவர் இளைப்பாற வேண்டும் என்பது மட்டுமே இப்போது அவள் ஜெபம்.

பொந்தியானில் இருக்கும் மாமியார் டொரத்தி, பச்சை. அதற்குக் கீழே கிரகோரி.

பச்சை.

உடன் வேலை செய்யும் யுகேந்திரனை அழைத்தாள்.

"அலமாக், பயப்படாதீங்க அக்கா. பழைய இணைப்பு தொங்கிக்கிட்டு இருக்கும் லா. அந்தப் பக்கம் செத்துட்டா இந்தப் பக்கத்துக்கு உடனே தெரியாதுல்ல…" நாக்கைக் கடித்துக்கொண்டான். "மன்னிச்சிருங்க. ஒரு நம்பர் அனுப்பிப் பாருங்க. இணைப்பு உயிரோட இருந்தா அதே நம்பர் திரும்பி வரும். ஆள் இல்லன்னா யாரு திருப்பி அனுப்புவா?"

கணினி அந்த நொடியில் உருவாக்கிய எண்ணை, வேறு யாருக்கும் தெரிய வழியில்லாத எண்ணை, கிரகோரியின் பெயருக்கு அனுப்பினாள்.

திரும்பி வந்தது. பிசகாமல்.

இன்னொன்று அனுப்பினாள். அதுவும் வந்தது. எங்கிருந்து என்று தேடினாள்.

இந்த வீட்டு வைஃபை.

ஒலிபெருக்கியில் டொரத்தி ஜெபமாலை மந்திரத்தின் முன்பாதியைச் சொல்லி நிறுத்தினார். பின்பாதி ஜாக்லினுடையது. அவள் இன்னும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். மழை தகரத்தில் அறைந்தது. படுக்கையறைக் கதவுக்குப் பின்னால் ஏதோ முணுமுணுத்தது.

"உன்கூட யாரும்மா சொல்றது?" என்றார் டொரத்தி. "ஆம்பளக் குரலா இருக்கே."

ஜாக்லின் எழுந்து ஓடி வைஃபை பெட்டியின் வயரைப் பிடுங்கினாள். பெட்டியின் விளக்குகள் அணைந்தன. டொரத்தியின் குரல் பாதியில் அறுந்தது.

முணுமுணுப்பு நிற்கவில்லை.

திரையைப் பார்த்தாள்.

டொரத்தி, சாம்பல்.

ஜாக்லின், சாம்பல்.

கிரகோரி, பச்சை.