பெரியப்பா கடைக்கு வந்த பார்சல்

காலை ஏழு மணிக்கு வெங்கடம்மா அந்த அட்டைப் பெட்டியைக் கொண்டுவந்து சமையலறை மேடையில் வைத்தாள். வைத்தாள் என்பது மரியாதைக்காகச் சொல்வது. எவர்சில்வர் டம்ளர்கள் இரண்டு அந்த அதிர்ச்சியில் உருண்டு விழுந்தன.

பெங்களூர் கார்மென்ட்ஸ் வேலைக்கு அன்று லீவு போட்டு, உப்புமா கிளறிக்கொண்டிருந்த நளினி திரும்பிப் பார்த்தாள்.

"இந்தா, உங்க பொருளு. நேத்து சாயங்காலம் எங்க கடைல வந்து இறங்கிச்சி!"

மகள் இந்துவுக்காக ஆன்லைனில் வாங்கிய லேப்டாப் அது. எங்கே வரக் கூடாதோ அங்கே வந்திருந்தது.

நளினியின் கணவன் மனோகரும், வெங்கடம்மாவின் கணவரான அவனுடைய அண்ணன் துளசிராமனும், தங்கச் சுரங்க ஊரான சாம்பியன் ரீப்ஸில் தொழிலாளர் குடியிருப்பின் இரண்டு வீடுகளை ஒன்றாக்கி, ஒரே அடுப்பில் சமைத்து வாழ்பவர்கள். ஆண்டர்சன்பேட்டை பஜாரில் துளசிராமனுக்கு எலக்ட்ரானிக்ஸ் கடை. கடையில் இல்லாத பொருள் வீட்டுக்கு வேண்டுமானால், அவரே ரயிலேறி பெங்களூர் போய், தட்டிப் பார்த்து வாங்கி, தோளில் சுமந்து வருவார். லாபம் வைக்கமாட்டார். இருபத்தைந்து ஆண்டுகளாக இந்த வழக்கத்தை யாரும் மீறியதில்லை.

இப்போது மீறியதிலும் ஒரு பிசகு. குடியிருப்பில் 'லைன்' எனப்படும் ஒவ்வொரு வீட்டு வரிசையிலும் எண் ஒன்றிலிருந்து தொடங்கும்; வெளியாளுக்கு எந்த வீடும் புரிபடாது. ஆகவே விலாசம் எழுதும்போது துளசிராமன் கடையின் பெயரை அடையாளமாகச் சேர்ப்பது அங்கே எல்லோருக்கும் பழக்கம். மனோகரும் பழக்கதோஷத்தில் அதையே சேர்த்துவிட்டிருந்தான்.

"அக்கா... உக்காருங்க, சாப்ட்டுட்டு பேசலாம்" என்றாள் நளினி.

"உப்புமா ஒண்ணுதான் கொறச்சல்! டெலிவரிக்காரன் பத்து பேர் எதிர்ல, 'மனோகர், லேப்டாப்'னு கத்தறான். பக்கத்து கடை கிளமெண்ட் கேக்கறாரு, 'இன்னா துளசி, உன் தம்பியே உங்கிட்ட வாங்கல, நாங்க மட்டும் வாங்கணுமா?'ன்னு. அந்த மனுஷன் நேத்து ராத்திரி சோறு துன்னல, தெரிமா உனக்கு?"

தெரியும். மீந்த சோற்றில் தண்ணீர் ஊற்றி வைத்தவள் நளினிதான்.

துண்டால் முகம் துடைத்தபடி மனோகர் வந்தான். "அண்ணி, என்மேல கோவப்படாதீங்க. ஆன்லைன்லதான் வாங்கணும்னு ஒத்தக்கால்ல நின்னது இவதான்."

அவன் சொன்னது உண்மை. ஏன் நின்றாள் என்பது அவனுக்குத் தெரியாது. தெரிவிக்க நளினியால் இயலாது.

"ஏண்டி, அவரு உங்கிட்ட கமிஷன் அடிச்சாரா? பத்து வருஷம் முன்ன வாங்குன ஃபேனுக்கும் இன்னிக்கு ரிப்பேர் பாத்து குடுக்கறவர்டி அவரு!"

"பெரிம்மா, அம்மாவ உடுங்க..." இந்து குறுக்கிட்டாள். "திங்கக்கிழமை எனக்கு ஜாயினிங். வூட்ல இருந்தே வேலை. சொந்த லேப்டாப் இல்லன்னா எடுக்கமாட்டாங்க."

"உன்ன ஒண்ணும் சொல்லல கண்ணு. உங்கம்மாவுக்கு வாய் இருக்குதில்ல? அது பேசட்டும்!"

நளினி உப்புமாவைக் கிளறினாள்.

அப்போது துளசிராமன் வெளியே கிளம்பும் கோலத்தில் வந்து நின்றார். தேய்த்த சட்டை, தோளில் பை. வயது அறுபத்தொன்று.

"எட்டரை வண்டிக்கு போறேன் மனோ. இத திருப்பி அனுப்பிடு. இதே மாடல சாயங்காலம் எடுத்தாந்துடறேன்."

"அண்ணா, இன்னாத்துக்கு வீணா அலைச்சல்..."

"போட்டோவ பாத்து வாங்கறீங்க. உள்ள செங்கல்லு இருந்தா யார போயி கேப்பீங்க? ஒண்ண அமுக்கு, ரெண்ட அமுக்குன்னு போன்ல பாட்டு போடுவான். கடைன்னா நான் கீறேன். என் சட்டய புடிச்சி கேக்கலாம்."

இத்தனை ஆண்டுகளில் யாரும் அந்தச் சட்டையைப் பிடித்ததில்லை. பிடிக்கும் அவசியத்தை அவர் உண்டாக்கியதுமில்லை.

நளினி கரண்டியை வைத்துவிட்டு வாசலை மறித்து நின்றாள். "மாமா, நீங்க போவக்கூடாது."

"இன்னும் அவர அவமானப்படுத்தணுமா?" வெங்கடம்மாவின் குரல் உடைந்தது.

நளினி துளசிராமனின் முகத்தைப் பார்த்தாள். அவர் பார்வையைக் காலண்டரின் பக்கம் திருப்பிக்கொண்டார். வாய் திறப்பதைவிட ரயிலேறுவதையே அவர் தேர்ந்தெடுப்பார் என்பது அவளுக்குப் புரிந்தது.

"சரிக்கா. தப்பு என்னுதுதான்" என்றாள், மளிகைச் சாமான் ஒப்பிக்கும் குரலில். "இத திருப்பி அனுப்பிடலாம். ஆனா மாமா போவ வேணாம். லேப்டாப்பே வேணாம். இந்து அந்த வேலைல சேர வேணாம்."

"அம்மா...! இன்னாமா பேசற? ஆறு மாசம் அலைஞ்சி கெடச்ச வேலைமா!"

"தெரியும் கண்ணு... என்ன திட்டிக்கோ."

"பைத்தியமா புடிச்சிருக்குது உனக்கு?" என்று மனோகர் கத்தினான். இந்து பெட்டியின் மேல் கவிழ்ந்து அழத் தொடங்கினாள்.

அந்த அழுகையைத் துளசிராமனால் தாங்க முடியவில்லை. பையைக் கழற்றி வைத்துவிட்டு முக்காலியில் அமர்ந்தார்.

"வெங்கடா... நளினி மேல தப்பில்ல. போன வருஷம் இவங்களுக்கு டிவி எடுத்தாந்தேனே... ஸ்டேஷன்ல பொட்டியோட இறங்கனதுதான் தெரியும். கண்ண தொறந்தா ஆஸ்பத்திரி. நளினி கார்மென்ட்ஸ் வேலை முடிஞ்சி அதே வண்டில வந்திருக்குது. அதுதான் ஆட்டோ புடிச்சி சேத்துச்சி. ஹார்ட்டு வீக்கு, இனிமே ரயிலேறி அலைஞ்சா, வெயிட்டு தூக்கினா உயிருக்கு ஆவாதுன்னாரு டாக்டரு."

"பாத்ரூம்ல வழுக்கி வுழுந்தேன்னு சொன்னீங்களே..!"

"சொன்னேன். தெரிஞ்சா கடைய மூட சொல்லுவ. வூட்ல குந்திக்கினு நான் இன்னா பண்றது? யார்கிட்டயும் சொல்லக்கூடாதுன்னு இந்து தலைமேல கைய வச்சதா நெனச்சிக்க சொல்லி இதுகிட்ட சத்தியம் வாங்கினேன்."

மகளின் வேலையை விட்டுக்கொடுக்கத் துணிந்தவளுக்கு, அந்தச் சத்தியத்தை மீற மட்டும் துணிவில்லை.

உப்புமா கருகும் வாசனை எழுந்தது. வெங்கடம்மா அருகில் வந்து நளினியின் இரு தோள்களையும் பற்றினாள்.

"என் தாலிய காப்பாத்திட்டு... என் வாயாலயே இவ்ளோ பேச்சும் வாங்கினியேடி பாவி!"

கட்டிக்கொண்டு அழுதாள். நளினிக்கு உடனே அழுகை வரவில்லை. அழுவதற்கும் கொஞ்சம் தெம்பு வேண்டும். அது வந்து சேரச் சிறிது நேரமாயிற்று.

முகத்தைத் துடைத்துக்கொண்டு, கடுகு டப்பாவின் பின்னாலிருந்து இரண்டு மாத்திரை அட்டைகளை எடுத்து வெங்கடம்மாவின் கையில் வைத்தாள்.

"வெள்ள மாத்திரை காலைல காபியோட. மஞ்ச மாத்திரை ராத்திரிக்கு. இனிமே நீங்களே குடுங்கக்கா."

"அதுக்கோசரம்தான் தெனம் நீயே காபி போட்டியா? அடுப்ப என் கைக்கு உடாம புடுங்கிக்கறியேன்னு இல்ல நெனச்சேன்..."

மனோகர் கருகிய வாணலியைக் குழாயடிக்கு எடுத்துச் சென்று தேய்த்தான். அவனுக்கு மன்னிப்புக் கேட்க வராது, வந்தது அதுதான்.

"இந்து, இங்க வா. பிரிக்கறத போன்ல வீடியோ எடு. நாளைக்கு ஒண்ணுன்னா பேசறதுக்கு ஆதாரம் வேணும்" என்றார் துளசிராமன். பெட்டியின் எண்ணையும் பில்லின் எண்ணையும் ஒப்பிட்டார். திரையை வாசல் வெளிச்சத்தில் சாய்த்துப் பழுதான புள்ளி தேடினார். சார்ஜர் வயரை விரலால் நீவிப் பார்த்தார்.

"பரவால்ல. நல்ல பொருளுதான்."

சொந்தக் கடைப் பொருளைக்கூட அவர் இதற்குமேல் புகழ்ந்ததில்லை.

"நீ போயி படு. மத்தியானத்துக்கு நான் பாத்துக்கறேன்" என்று நளினியிடம் சொன்னாள் வெங்கடம்மா.

நளினி உள்ளே சென்று பாயை விரித்தாள். வீடு முழுவதும் பேச்சுச் சத்தம் நிறைந்திருக்க, காலை ஒன்பது மணிக்கு அவள் உறங்கிப்போனாள். வெங்கடம்மா இரண்டு முறை வந்து பார்த்து, எழுப்பாமல் திரும்பினாள்.