அவள் கூப்பிடவில்லை

கேளுங்கள் கண்ணுகளா, ஒரு புருஷனும் பெண்டாட்டியும் பழைய வீடு ஒன்றுக்குக் குடிவந்து சாமான்களைப் பாதிகூடப் பிரிக்கவில்லை. அதற்குள் குளியலறைக் குழாய் உயிரை எடுக்க ஆரம்பித்துவிட்டது. ஆள் கால் நீட்டிப் படுக்கலாம்போல ஒரு பீங்கான் தொட்டி. அதன் தலைமாட்டில் பித்தளைக் குழாய். எவ்வளவு முறுக்கி மூடினாலும் சொட். கொஞ்சம் விட்டு, சொட்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் புருஷன் ஸ்பேனரும் கையுமாகக் கிளம்பினான்.

"என்னங்க, ப்ளம்பரைக் கூப்பிடலாமே. நீங்க மாட்டின ஃபேன் இன்னும் தலையாட்டிட்டுத்தான் இருக்கு."

"வாஷர் தேஞ்சிருக்கும், அவ்வளவுதான். நீ முதல்ல என்னைப் பேர் சொல்லிக் கூப்பிடப் பழகு. தெருவுல நீ என்னங்கன்னா நாலு ஆம்பளைங்க திரும்பறாங்க."

"திரும்பட்டுமே. வர்றது நீங்கதானே?"

சிரித்துக்கொண்டே உள்ளே போனான். குளியலறைக்கு ஒரே வாசல், அது அடுப்படிக்குள் திறக்கும். அவள் அங்கேதான் டம்ளர்களைச் சுற்றியிருந்த காகிதத்தைப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

"இங்க வந்து பாரேன், இந்தக் கூத்தை!"

போய்ப் பார்த்தாள். கழற்றிய குழாயின் மரையில், கசியாமலிருக்கச் சுற்றுகிற நூலுக்குப் பதில் தலைமுடி. நீளமான, கறுத்த முடி. இழை பிசகாமல் இறுக்கிச் சுற்றி, முனையில் முடிச்சுப் போட்டிருந்தது. நாள்பட்ட ஈரத்துணியின் வாடை குப்பென்று அடித்தது.

"அப்படியே விட்டுடுங்களேன்."

"அட, முடிதானே."

பிளேடால் அறுத்து எறிந்தான். அவள் அடுப்படிக்குத் திரும்பினாள். புது வாஷர் போட்டு, டேப் சுற்றி, அவன் முடுக்குகிற சத்தம் கேட்டது. சொட்டு நின்றது. வீடே காது அடைத்துக்கொண்டதுபோல் ஓர் அமைதி. பயந்துவிடாதீர்கள், கண்ணுகளா. அந்த நேரத்தில் அவளும் அப்பாடா என்றுதான் மூச்சுவிட்டாள்.

"இதோ வரேன்மா," என்றான் உள்ளேயிருந்து.

அவள் கூப்பிடவில்லை.

"வரேன்னு சொல்றேன்ல. ஏன் இப்படிக் கிசுகிசுன்னு கூப்பிடற?"

அவள் வாயே திறக்கவில்லை.

ஓடினாள். தொட்டி காய்ந்து கிடந்தது. ஜன்னலில் கம்பி. தொட்டிக்குள் அவன் செருப்புகள், வாசலில் கழற்றி வைத்ததுபோல் ஜோடியாக, தண்ணீர் போகிற ஓட்டையைப் பார்த்தபடி.

"என்னங்க?"

பிறகு அந்த ஓட்டைக்குள்ளிருந்து, அவளுடைய குரலிலேயே:

"என்னங்க..."

"இதோ வரேன்மா." அவன்தான். அவள் காலுக்கடியில்.

போலீஸ் வந்தது. ப்ளம்பர் வந்து தரையைப் பெயர்த்தார். அடியில் இருந்த பைப்புக்குள் ஒரு கைகூட நுழையாது. தண்ணீர் வருகிற லைனையே வெட்டி அடைத்துவிட்டு, அவள் முகத்தைப் பார்க்காமல் போனார். அண்ணன் வந்து, "என்கூட வந்துடும்மா," என்று கெஞ்சினான். அவள் அசையவில்லை. புருஷன் குரல் கேட்கிற வீட்டை விட்டு எப்படிப் போவாள்?

தினமும் கூப்பிட்டாள். கீழேயிருந்து மற்றவளும் கூப்பிட்டாள். இரண்டும் ஒரே குரல், ஒரே வார்த்தை. அவன் மற்றவளுக்கே பதில் சொன்னான். நாளுக்கு நாள் தூரத்திலிருந்து.

ஒரு சாயங்காலம்தான் அவளுக்கு உறைத்தது. மற்றவளிடம் இல்லாத ஒன்று தன்னிடம் இருக்கிறது.

தொட்டிக்குள் குனிந்து, ஓட்டையருகே வாயை வைத்து, அப்போதும் கொஞ்சம் கூச்சத்தோடு, அவன் பெயரைச் சொன்னாள். வாழ்க்கையில் முதல் தடவையாக.

கீழே எல்லாம் அடங்கியது.

"நீயா?" வெகு தூரத்தில் அவன் குரல் உடைந்தது. "அப்ப இது யாரு? நீ எங்கம்மா இருக்க?"

"மேல! இங்க, மேல வாங்க..."

அவள் சொல்லி முடிக்கவில்லை. கீழே அந்தக் குரல் அவன் பெயரை எழுத்துக் கூட்டியது. முதலில் தடுமாறி. பிறகு திருத்தமாக. பிறகு கொஞ்சலாக, அவள் சொன்ன அதே கூச்சத்தோடு.

"இதோ வரேன்மா," என்றான்.

அதற்குப் பிறகு அவன் பேசவே இல்லை.

தண்ணீரே வராத அந்தக் குழாயிலிருந்து, குனிந்திருந்த அவள் பிடரியில் விழுந்தது.

சொட்.