மாற்று டாக்டர்

புது டாக்டர் லட்சுமணன் திருவொற்றியூர் ரயிலடியிலிருந்து நடந்தே வந்தார். கடற்கரையோரப் பைத்தியக்கார ஆஸ்பத்திரியின் வாசலில், துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு நின்ற பதுருன்னிசா, அவர் கையிலிருந்த பெட்டியைத்தான் முதலில் பார்த்தாள். சின்னப் பெட்டி. தங்க வந்தவர் கொண்டுவரும் பெட்டி அல்ல.

அவள் கணவர் சௌக்கத் அலி அங்கே டாக்டராக இருந்தவர். மாற்றல் உத்தரவு கையில் இருந்தும், மாற்று டாக்டர் வந்து சார்ஜ் எடுக்காமல் வார்டை விட்டு நகரக்கூடாது. "அடுத்த மாசம் ஆள் வந்துடும், பதுரு" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். யாரும் வரவில்லை. மழைக்காலக் காய்ச்சலில், தன் ராயபுரத்து வீட்டைப் பார்க்காமலே, வார்டிலேயே கண்ணை மூடினார்.

அதன் பிறகு டாக்டர்கள் வந்தார்கள். ஒருவரும் நிலைக்கவில்லை. சம்பளம் பற்றவில்லை, உப்புக்காற்று ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்லிவிட்டுப் போனார்கள். உண்மைக் காரணத்தை ஆயா கன்னியம்மாதான் பதுருன்னிசாவிடம் வந்து சொன்னாள்.

"இந்தாளும் பொட்டியைப் பிரிக்க மாட்டாரு போல கீது, தாயி. போன ஆளு செருப்பைக்கூட வுட்டுட்டு ஓடுனாரு" என்று கன்னியம்மா கிசுகிசுத்தாள்.

இருவரும் வார்டு வாசலில் போய் நின்றார்கள். உள்ளே பினாயில் நெடி. ஜன்னல்களில் மங்கும் வெயில். லட்சுமணன் முதல் கட்டிலில் சின்னப்பையனின் கையைப் பிடித்தார்.

"இப்பத்தானே பாத்துட்டுப் போனாரு" என்றான் அவன்.

"யாரு?"

"டாக்டரு."

மணிக்கட்டில் மூன்று விரல்கள் அழுந்திய தடம். ஈரமாக, சில்லென்று.

அடுத்த கட்டில். அதே தடம்.

அதற்கடுத்த கிழவரின் கையில் ஒன்றுமில்லை. லட்சுமணன் மூச்சு விட்டார்.

அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, தோல் மெல்லக் குழிந்தது.

ஒன்று.

இரண்டு.

மூன்று.

வாசலுக்குப் பாய்ந்தவரைப் பதுருன்னிசா மறித்தாள்.

"ஓடாதீங்க டாக்டர். எங்க வீட்டுக்காரர் யாரையும் துரத்தலை. மாத்து ஆளுக்காகக் காத்துக்கிட்டு இருக்காங்க."

"நீங்க யாரும்மா?"

"இங்கேயே காலமான டாக்டரோட சம்சாரம். வார்டை எடுத்துக்கிட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. சும்மா சொல்லாதீங்க, தங்குறதா இருந்தாச் சொல்லுங்க. கபுருக் குழியில படுத்தும் அவங்களுக்குத் தூக்கம் இல்ல."

கட்டில்களிலிருந்து எல்லாக் கண்களும் லட்சுமணனைப் பார்த்தன.

"நீயும் பூடுவியா, நைனா?" என்று கேட்டார் கிழவர்.

லட்சுமணன் திரும்பிக் கிழவரிடம் வந்தார். பிறகு பெட்டியைத் தரையில் வைத்தார். கட்டிலுக்கு அருகே, யாருமில்லாத இடத்தைப் பார்த்துச் சொன்னார்.

"சார், நான் சார்ஜ் எடுத்துக்கிட்டேன். இங்கேயே இருப்பேன். நீங்க கிளம்பலாம்."

கிழவரின் மணிக்கட்டில் குழிகள் ஒவ்வொன்றாக நிரம்பின.

பதுருன்னிசா அழவில்லை. நினைத்தது நடந்துவிட்டது. ஆனால் 'இன்னிக்கும் வந்தாரு தாயி' என்று சொல்ல இனிமேல் கன்னியம்மா வரமாட்டாள். வெளியே வந்தபிறகுதான் அது அவளுக்கு உறைத்தது. இரண்டாம் முறை விதவையானவள் போல, வாசலில் நின்ற ஜட்கா வண்டியில் ஏறி உட்கார்ந்தாள்.

வண்டிக்காரர் மஜீது கடிவாளத்தைப் பிடித்தார். வண்டி பின்பக்கம் சாய்ந்தது.

"பின்பாரமா கீதும்மா" என்றார், திரும்பிப் பார்க்காமலே. "ரெண்டு பேரும் கொஞ்சம் முன்னால நகுந்து குந்துங்கோ."

பதுருன்னிசா துப்பட்டியின் ஓரத்தைப் பல்லில் கடித்துக்கொண்டாள். நகர்ந்து, பக்கத்தில் ஓர் ஆளுக்கு இடம் விட்டு உட்கார்ந்தாள்.

வண்டி சமனாயிற்று.